தீர்ப்பு மண்டபத்தின் சுவர்

"சுவரை இன்னும் உயர்த்தட்டுமா, ஆசானே?" என்று கேட்டார் தேவசகாயம்.

கேட்டவருக்கு நாற்பத்தெட்டு வயது. பாதி ஆயுளைக் கட்டடம் வரைவதில் கழித்துவிட்டு, அந்தத் தொழிலை உதறி, வீடியோ கேம் செய்யும் கம்பெனிக்கு வந்து சேர்ந்தவர். பதில் சொல்ல வேண்டிய நப்பின்னை அவரைவிட ரொம்பச் சின்னவள். அவளை அங்கே எல்லோரும் ஆசான் என்றுதான் கூப்பிட்டார்கள். கேலியாக ஆரம்பித்த பெயர். இப்போது அப்படிக் கூப்பிடும்போது யாரும் சிரிப்பதில்லை.

"இப்ப எவ்வளவு உயரம் சார்?"

"மேகம் இடிக்குது."

அவர்கள் செய்துகொண்டிருந்த விளையாட்டில் வேறொரு கிரகம். ஜனங்கள் காணாமல் போன நகரம். அதன் நடுவில் தேவசகாயம் ஒரு தீர்ப்பு மண்டபம் கட்டியிருந்தார். பூச்சு இல்லாத வெறும் கான்கிரீட். வார்க்கும்போது அடித்த பலகையின் ரேகைகூடச் சுவரில் தெரியும். ப்ரூட்டலிசம் என்று கல்லூரியில் படித்து அவர் மயங்கிய பாணி அது. நிஜத்தில் அப்படிக் கட்டச் சொல்லி ஒருவரும் அவரிடம் வரவில்லை. விண்வெளி விளையாட்டு செய்கிறவர்களுக்கோ அந்த முரட்டுச் சுவர்கள்மேல் தீராத ஆசை. எதிரி ஒருவன்கூட இல்லாமல், சுவரைப் பார்த்தே ஆள் ஒடுங்கிப்போக வேண்டும். அதுதான் அவருக்குக் கொடுத்த வேலை.

விளையாடிப் பார்க்க வந்தவர்கள் ஒரு வாசலில் நுழைந்து மறு வாசலில் ஓடிப்போனார்கள். அவர் உயர்த்தினார். ஓடினார்கள். மறுபடி உயர்த்தினார். கமலி என்ற பெண் ஓடுகிற ஓட்டத்திலேயே சொன்னாள்: "ஐயோ, வேற கிரகத்துக்கு வந்தாலும் தாலுகா ஆபீஸ்தானா!"

அறையே சிரித்தது. தேவசகாயம் பேனா மூடியைக் கடித்தார். வெள்ளிக்கிழமை நடக்கும் கடைசிச் சோதனையிலும் இப்படி ஓடினால் மண்டபத்தையே விளையாட்டிலிருந்து தூக்கிவிடுவார்கள்.

"உள்ள வர்றாங்க, வெளிய போறாங்க. யாருக்கும் எதுவும் உறைக்கலை ஆசானே."

"உள்ள யாரும் வரலையே சார்."

"வந்தாங்களே! நீங்களும்தானே பாத்தீங்க?"

நப்பின்னை டீயை ஊதிக் குடித்தாள்.

"கமலி சொன்ன இடத்துக்கு ஒரு நடை போயிட்டு வாங்க."

"தாலுகா ஆபீஸுக்கா? என்ன வேலையா?"

"வேலை ஒண்ணும் வேண்டாம். உக்காந்துட்டு வாங்க. பூட்டுற வரைக்கும்."

போனார். பழைய கான்கிரீட் கட்டடம். சுவரோரம் நீள பெஞ்சு. உட்கார்ந்தார், எழுந்தார், வாசலுக்குப் போய்த் திரும்பினார். செல்போனை எடுத்தார், வைத்தார். கால் தானாக ஆடியது.

பக்கத்தில் இருந்த அம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எதுக்கு வந்திருக்கீங்க?"

"சும்மாதான்."

"சும்மாவா? இங்கயா?" அம்மாள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். "நான் பட்டாவுக்கு அலையறேன். நீங்க என்னடான்னா சும்மா வந்தேங்கறீங்க."

மத்தியானம் போனது. யாரையோ கூப்பிட்டார்கள். அம்மாளை இல்லை. அவள் தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடினாள். என்ன செய்வதென்று தெரியாமல் அவரும் சாய்ந்தார். பின்மண்டை எதிலோ வழுக்கியது. திரும்பிப் பார்த்தார்.

சுவரில் கறுப்பாக ஒரு வட்டம். தலை எண்ணெய்க் கறை. பக்கத்தில் இன்னொன்று. பெஞ்சு முடிகிறவரை, வரிசையாக.

கம்பெனிக்குத் திரும்பியபோது நப்பின்னை கேட்டாள். "அங்க கூரை எவ்வளவு உயரம் சார்?"

"பாக்கலை ஆசானே." கொஞ்சம் யோசித்தார். "பாக்கணும்னே தோணலை."



அவர் சுவரின் உயரத்தைத் தொடவில்லை. அதன் காலடியில் ஒரு பெஞ்சு போட்டார். பெஞ்சுக்குமேல், உட்கார்ந்த ஆளின் தலை படுகிற இடத்தில், வரிசையாகக் கறுப்பு வட்டங்கள். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை கமலியே வந்தாள். ஹெட்போனை மாட்டினாள். வழக்கம்போல ஓடினாள். தேவசகாயத்தின் கால் ஆட ஆரம்பித்தது.

பாதி மண்டபத்தில் ஓட்டம் தளர்ந்தது. திரும்பி வந்தாள். ஒரு வட்டத்தைப் பார்த்தாள். அடுத்ததைப் பார்த்தாள். பிறகு பார்வையை மேலே தூக்கினாள். தூக்கிக்கொண்டே போனாள். சுவர் முடியவில்லை.

அந்த விளையாட்டில் உட்காருவதற்கு ஒரு பட்டன் உண்டு. அங்கே யாரும் அதை அழுத்தியதில்லை. கமலி அழுத்தினாள். திரையில் அவளுடைய ஆள் பெஞ்சில் உட்கார்ந்து தலையைச் சாய்த்தான். ஒரு வட்டத்துக்குள் தலை சரியாகப் பொருந்தியது.

அவள் கை அசையவில்லை. கேலியும் வரவில்லை.

தேவசகாயத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. நப்பின்னையின் காதருகே குனிந்தார்.

"என்ன ஆசானே, அப்படியே உக்காந்துட்டா? வழி தெரியலையோ? வெளிய போக ஒரு அம்புக்குறி போட்டுடட்டுமா?"

நப்பின்னை திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பேசாம இருங்க சார். இப்பதான் உள்ள வந்திருக்கா."