பொட்டு வைத்த ஸ்டெப்னி

எங்கள் லாரியின் ஸ்டெப்னி டயரைப் பற்றி வேறு யாரும் வாயைத் திறக்கக் கூடாது. அது என் இலாகா. "கான்வென்ட்ல படிச்சவ, டயர்ல இருக்கற இங்கிலீஷை நீதான் வாசிக்கோணும்" என்று கல்யாணமான புதிதிலேயே என் வீட்டுக்காரர் ஒப்படைத்துவிட்டார். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் லாரிக்கு அடியில் குனிந்து, அங்கே தொங்கும் ஸ்டெப்னிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, "நல்லா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு வருவேன். குனிந்தது நிஜம். பார்த்தேன் என்று நான் சத்தியம் செய்ததில்லை.

போன வாரம் நாமக்கல்லில் எங்கள் வாசலில், பாலக்காட்டுக்கு முட்டை ஏற்றிக்கொண்டு லாரி நின்றது. புதிதாக வந்த டிரைவர் செங்கோடன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"இந்த ஸ்டெப்னியை நம்பி வாளையார் செக்போஸ்ட் தாண்ட மாட்டனுங்க்கா. எந்த வருசத்து டயரு?"

உள்ளே வீட்டுக்காரர் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்தால் என் இத்தனை வருஷத்து 'நல்லா இருக்குதுங்க' எல்லாம் கந்தல். வாயைத் திறந்தேன். திறந்தால் எனக்கு மூடத் தெரியாது.

"வருஷமா கேட்கறே? நாக்பூர்ல ஆறு சக்கரமும் பஞ்சர். இதை ஒண்ணை நடுவுல மாட்டி, ஒத்தச் சக்கரத்துலயே ஊர் வந்து சேர்ந்தோம்."

"ஒத்தச் சக்கரத்துல லாரி சாயாதா வசு?" துணி உலர்த்த வந்த பக்கத்து வீட்டுச் சம்பூரணம் பக்கெட்டோடு நின்றுவிட்டாள்.

"சாய்ஞ்சுது. நான் எதிர்ப்பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன். நேராயிடுச்சு."

அதை மட்டும் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உடனே நம்பினாள். எனக்கு எரிச்சலாக வந்தது.

"இன்னும் கேளு. ஓட ஓட அப்படி ஒரு சூடு இந்த டயருக்கு. ஒரு சித்திரை மாசம் இங்கே முட்டையா ஏத்தினது, பாலக்காட்டுல கோழியா இறங்குச்சு. கோழி வேண்டாம்னுட்டான் கடைக்காரன். திருப்பிக் கொண்டுவந்தோம். வர்ற வழியிலேயே அத்தனையும் முட்டை போட்டு, கொண்டுபோனதுக்கு மேலேயே இருந்துச்சு."

"அதுல சேவலே இல்லீங்களா?" என்றான் செங்கோடன்.

"அதெல்லாம் மேட்டுல லாரியைத் தள்ள இறங்கிடுச்சு."

"காத்து எப்பங்க்கா புடிச்சீங்க?"

"முதல் நாள் பிடிச்ச காத்து அப்படியே இருக்கு. அந்தக் காலத்துக் காத்து. போன கத்திரி வெயில்ல கொஞ்சூண்டு திறந்துவிட்டேன். மோகனூர் ரோடு முழுக்க ஸ்வெட்டர் போட்டுக்கிட்டாங்க. மூஞ்சியில பட்டதும் எங்க வீட்டுக்காரருக்கு மீசை கறுத்துப்போச்சு."

"அது டை அடிச்சதுன்னு நீதானே சொன்னே?" என்றாள் சம்பூரணம்.

கான்வென்ட்டில் பொய் சொன்னால் நூறு தடவை இம்போசிஷன் எழுத வைப்பார் எங்கள் சிஸ்டர் பிலோமினா. அதில் எனக்குக் கையெழுத்து மட்டும் திருந்தியது.

செங்கோடன் லாரிக்கு அடியில் புகுந்தான். ஸ்டெப்னியைத் தாங்கும் செயின் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. பத்து நிமிஷம் சுத்தியல் சத்தம். "நாக்பூருக்கு அப்புறம் யாரும் கழட்டலீங்களாட்ட" என்று அடியிலிருந்து குரல் வந்தது.

டயர் பொத்தென்று விழுந்தது. புது டயரில் நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் முடிகூட உதிரவில்லை. ஒரு நாள் ரோட்டைப் பார்த்ததில்லை. ஆனால் பக்கமெல்லாம் பாளம் பாளமாக வெடிப்பு. ஓர் இடத்தில் மட்டும் அடை மாதிரி குங்குமம். செங்கோடன் அதைச் சாவியால் சுரண்டினான். அடியில் நாலு எண்: 4211.

"ரெண்டாயிரத்துப் பதினொண்ணு, நாப்பத்திரெண்டாவது வாரம் செஞ்சதுங்க. ஓடாம தொங்குனாலும் டயருக்கு வயசாகுமுங்க்கா. ஆறேழு வருசம் போனா நம்பப்படாது. பத்து தாண்டுனா மாட்டவே கூடாது."

ஓடாமல் தொங்கினாலும் வயசாகும் என்று எனக்கா தெரியாது? என் இங்கிலீஷும் ஓடாமல் தொங்கிக்கொண்டுதானே இருக்கிறது? முதல் வருஷம் கம்பெனிப் பெயர், அளவு எல்லாம் எழுத்துக்கூட்டி வாசித்தவள், அந்த நாலு எண் மேலேயே வருஷா வருஷம் குறி தவறாமல் பொட்டு வைத்திருக்கிறேன்.

சத்தம் கேட்டு வீட்டுக்காரர் எச்சில் கையோடு வாசலுக்கு வந்தார். டயரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"பொட்டைச் சுரண்டினான், உயிர் போயிடுச்சுங்க" என்றேன். "இல்லேன்னா இன்னும் நூறு வருஷம் ஓடியிருக்கும்."

அவர் கையைக் கழுவிக்கொண்டு டயர்க் கடைக்குப் போன் போட்டார்.

மத்தியானம் புது ஸ்டெப்னி வந்தது. குங்குமத் தட்டோடு போனேன். செங்கோடன் குனிந்து, பக்கவாட்டில் எதையோ தேடி, புது டயரின் நாலு எண் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டான்.

"இப்ப வைங்க்கா."