கதவு வாத்தியார்

பெரிய மனுஷர்களுக்குக் கஷ்டம் வந்தால் முதலில் வக்கீலிடம் போவார்கள், அப்புறம் ஜோசியரிடம் போவார்கள், இரண்டும் பலிக்கவில்லை என்றால்தான் மடத்துப் பக்கம் தலைகாட்டுவார்கள். சென்னியப்பன் அந்த ரகம் இல்லை. நல்ல காலத்திலேயே வந்தவர். பன்னிரண்டு வருஷமாக மாசத்தில் ஒரு நாள் ஆனைகட்டி ரோட்டில் இருக்கும் அந்தச் சின்ன மடத்துக்கு வந்து, மடத்துத் தலைவி பூரணியம்மா எதிரில் தரையில் உட்கார்ந்துவிட்டுப் போவார். அம்மாவுக்கு அவரைவிடப் பதினைந்து வயசு குறைவு. அதை அவர் ஒரு நாளும் பெரிதாக நினைத்ததில்லை.

சென்னியப்பன் யார் என்றால், நொய்யல் மோட்டார்ஸ் முதலாளி. அப்பா ஆரம்பித்த கம்பெனி. ஒரு காலத்தில் நொய்யல் கார் வேண்டும் என்றால் பணம் கட்டிவிட்டு ஆறு வருஷம் காத்திருக்க வேண்டும். கல்யாணத்தன்றைக்குப் பதிந்து வைத்தால், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வண்டி வந்துவிடும் என்று கோயமுத்தூரில் கேலி பேசுவார்கள். கேலி பேசியவனும் வரிசையில்தான் நின்றான்.

அதெல்லாம் வெளிநாட்டுக் கம்பெனிகள் வருவதற்கு முன்னால். இப்போது நொய்யல் காரை வாங்க ஆளில்லை. வரிசை இருந்த இடத்தில் வண்டிகள்தான் வரிசையாக நின்றன.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் கக்கத்தில் ஒரு தடித்த பைலோடு வந்தார். கும்பிட்டார், உட்கார்ந்தார், பைலை மடியில் வைத்துக்கொண்டார்.

"நாளைக்கு டெல்லிக்குப் போறேனுங்க அம்மா. மந்திரியப் பாக்கோணும்."

"எதுக்குங்க?"

"வெளிநாட்டுக் கம்பெனி காருக்கு மறுபடியும் வரியை ஏத்தச் சொல்லிக் கேக்கறதுக்குங்க. அஞ்சு வருஷத்துக்கு. கெடைச்சா பொழைச்சோம். இல்லீன்னா வெள்ளிக்கிழமை போர்டு கூடி பேக்டரிய மூடீருவாங்க. அறுநூத்து நாப்பது குடும்பமுங்க. எங்கப்பா பேரு அந்தக் கேட்டுல எழுதியிருக்குது."

அம்மா தண்ணீர்ச் சொம்பை அவர் பக்கம் நகர்த்தினார்.

"மந்திரிக்கு உங்க மேல மரியாதைங்க. மடத்துலயும் இருவத்திரண்டு வருஷமா எங்க வண்டிதான் ஓடுது. நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தா, அதை மேல வச்சுக் குடுத்துருவேன்."

"பைல்ல என்னங்க?"

அதைக் கேட்டதும் மனுஷருக்கு முகம் தெளிந்தது. எல்லாம் கடுதாசிகள். வண்டி வாங்கியவர்கள் காலங்காலமாக எழுதியவை. ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தார். உடுமலைப்பேட்டைக்காரர் ஒருவர் வீட்டில் வண்டி வந்து நின்ற அன்றைக்குத் தெருவுக்கே பொங்கல் போட்டிருக்கிறார். பொள்ளாச்சி வாத்தியார் ஒருவர் தன் மூன்று பெண்களும் அந்த வண்டியில்தான் புருஷன் வீட்டுக்குப் போனார்கள் என்று எழுதியிருந்தார். படிக்கப் படிக்க சென்னியப்பனுக்குக் கண் கலங்கியது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. இவருக்கோ ஊரே சேர்ந்து பொன் என்று எழுதிக் கொடுத்திருந்தது.

"இவ்வளவு பாசமா இருந்த சனங்க எப்படிங்க அம்மா மாறிப்போனாங்க? எங்க வண்டி மாறவே இல்லீங்களே. நாங்க ஏன் தோத்தோம்?"

அம்மா எழுந்து செருப்பை மாட்டினார்.

"இன்னைக்குச் சந்தை. டிரைவர் அய்யாசாமி கண்ணு ஆபரேஷனுக்குப் போயிருக்காரு. இனி வடிவுதான் வண்டி எடுக்கோணும். அவங்களுக்கு உங்க வண்டி புதுசு. கொஞ்சம் சொல்லிக்குடுங்க, போயிட்டு வந்துரலாம்."

வடிவு மடத்துச் சமையல்காரி. தூத்துக்குடிப் பக்கம். வந்து ஒரு மாசம்தான் ஆகிறது. அதற்கு முன்னால் எட்டு வருஷம் ஓர் ஆஸ்பத்திரியில் வேன் ஓட்டியவள். அதுவும் வெளிநாட்டு வேன். வண்டிச் சாவியை வாங்கி முந்தானையில் துடைத்துக்கொண்டு ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள். பக்கத்தில் சென்னியப்பன், பின்னால் பூரணியம்மா.

வடிவு கதவை இழுத்தாள். அது திரும்பி வந்தது. இன்னும் வேகமாக இழுத்தாள். மறுபடியும் வந்தது.

"அண்ணாச்சி, இது சாத்த மாட்டுக்கு."

"இழுக்கக் கூடாதுங்க. லேசா மேல தூக்குங்க. தூக்குனாப்பலயே உள்ள கொண்டு வாங்க. ம், அவ்வளவுதான்."

கதவு சாத்திக்கொண்டது. சென்னியப்பன் சிரித்தார். எத்தனை பேருக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பார்.

வண்டி கிளம்பியது, நின்றது. சோக் பிடியைப் பாதி இழுத்து, மனசுக்குள் அஞ்சு எண்ணிவிட்டு, அப்புறம் சாவியைத் திருப்ப வேண்டும் என்றார். எண்ணினாள், கிளம்பியது. ரோட்டுக்கு வந்ததும் இரண்டாவது கியர் விழவில்லை. நடுவில் ஒரு மூச்சு விட்டுத் தள்ள வேண்டும் என்றார். பள்ளத்தில் இறங்கும்போது பிரேக்கை ஒரு மிதி மிதித்தவள் பதறிப்போனாள்.

"என்ன அண்ணாச்சி, கால் பாட்டுக்கு உள்ள போகுது."

"ரெண்டு மிதிங்க. மொத மிதி அதுக்குத் தகவல் சொல்றது. ரெண்டாவது மிதியில புடிச்சுக்கும்."

"எதுக்க லாரி வந்தா?"

"மூணு மிதிக்கோணும்."

வடிவு அவரை ஒரு பார்வை பார்த்தாள். கண்ணாடியை ஏற்றும்போது உள்ளங்கையால் சேர்த்துத் தள்ள வேண்டும், இடது பக்கம் ஒடித்தால் ஹாரன் தானாக அடிக்கும், அதற்கு யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், மேடு ஏறினால் ஓரங்கட்டி இன்ஜினுக்குத் தண்ணீர் விட வேண்டும் என்று அவர் ஆசை ஆசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருந்தது. தண்ணீர் விட நிறுத்திய இடத்தில் சம்பந்தம் பேசி முடித்தவர்கள் இருந்தார்கள். ஹாரன் சத்தம் கேட்டே எந்த வீட்டு வண்டி என்று சொன்ன ஊர் இருந்தது. பேசப் பேச அவருக்கு இருபது வயசு குறைந்துவிட்டது.

"வண்டி பழசானதுல இப்படி ஆயிட்டுதோ?" என்று வடிவு கேட்டாள்.

"பழசா? நல்லா கேட்டீங்க. ஷோரூம்லயே இப்படித்தானுங்க. மொத வண்டியில இருந்து நேத்து வந்த வண்டி வரைக்கும் கதவு ஒரே மாதிரி. கீல் கொஞ்சம் தொங்கும், அதான்."

"அப்ப வாங்குதவங்களுக்கு இதெல்லாம் எப்படி அண்ணாச்சி தெரியும்?"

சென்னியப்பன் சீட்டில் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார். இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தவர் மாதிரி இருந்தது.

"அதுக்குத்தான் எங்கப்பா ஒரு ஏற்பாடு பண்ணியிருந்தாரு. வேற எந்தக் கம்பெனியிலும் கெடையாது. சாவி குடுக்கற அன்னைக்கு, வண்டியப் பத்தி ஒண்ணொண்ணா சொல்லிக்குடுக்கறதுக்குன்னே ஒருத்தரை வச்சிருந்தோம். திருமூர்த்தின்னு பேரு. சனங்க கதவு வாத்தியாருன்னுதான் சொல்லுவாங்க. வெத்தலை பாக்கு, வாழப்பழத்தோட வேட்டி துண்டு வச்சுக் குடுத்துட்டுத்தான் வண்டியவே எடுப்பாங்க. இந்தக் கடுதாசியில பாதியில அவரு பேரு இருக்குதுங்க. அப்படி ஒரு மனுசன். அவரு ரிடையர் ஆனப்ப அந்த எடத்துக்கு ரெண்டு பேரைப் போட்டோம். அப்பவும் சமாளிக்க முடியல."

"கதவுக்கு ஆளு போட்டியளா, கதவைச் சரி பண்ண ஆளு போடலியா?"

"கதவுதான் நல்லாயிருக்குதேங்க. தூக்கிச் சாத்துனா சாத்திக்கும்."

முன்னால் ஒரு மாட்டு வண்டி வந்தது. வடிவு இரண்டு மிதி மிதித்தாள்.

சந்தைக்கு அரை மைல் இருக்கும்போது சென்னியப்பன் பழைய நினைப்பில் இன்னொன்றும் சொன்னார். வெளிநாட்டுக் கம்பெனிகள் இங்கே கால் வைப்பதற்கு நாலு வருஷம் முன்னால், கொரியாவில் இருந்து ஓர் இன்ஜினியர் பேக்டரியைச் சுற்றிப் பார்க்க வந்திருந்தார். பெரிய படிப்பு, தொங்கத் தொங்கக் கோட்டு. நொய்யல் காரில் ஏறி உட்கார்ந்தவருக்குக் கதவைச் சாத்தத் தெரியவில்லை.

"நாலு தடவை இழுத்தாருங்க. நாங்க சிரிச்ச சிரிப்பு இருக்குதே, வயிறு புண்ணாயிருச்சு. டாக்டர் பட்டம் வாங்குன ஆளுக்குக் கதவு சாத்தத் தெரியல பாருன்னு கேண்டீன்ல ஒரு வாரம் இதே பேச்சு. அப்புறம் பாவம்னு கதவு வாத்தியாருகிட்ட அனுப்பி வச்சோம். நாளு பூரா அவரு பக்கத்துலயே உக்காந்து நோட்டுல எழுதிக்கிட்டாரு. போறப்ப திருமூர்த்தியோட ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டு நன்றி சொன்னாரு."

வண்டியில் ஏறியதிலிருந்து முதல் தடவையாகப் பூரணியம்மா பின்னால் இருந்து வாய் திறந்தார்.

"என்ன எழுதிக்கிட்டாருங்க?"

"எல்லாந்தானுங்க அம்மா. கதவு, பிரேக்கு, கியரு. பத்தொம்பது ஐட்டம்."

"உங்க கம்பெனியில அதை யாராவது எழுதி வச்சிருக்கீங்களா?"

"எதுக்குங்க? எங்களுக்குத்தான் எல்லாம் மனப்பாடமாச்சே."

சந்தை வந்துவிட்டது. புளியமரத்து நிழலில் வண்டியை நிறுத்தி, கதவைத் தூக்கித் திறந்து, தூக்கிச் சாத்தி, பையை எடுத்துக்கொண்டு வடிவு தக்காளி வாங்கப் போனாள். போகிற போக்கில் வண்டியைத் திரும்பிப் பார்த்து என்னமோ முணுமுணுத்தாள். நல்ல வார்த்தையாக இருந்திருக்காது.

சென்னியப்பன் இறங்கிப் பின்சீட்டுப் பக்கம் வந்து நின்றார். பைல் கையிலேயே இருந்தது.

"அந்தக் கொரியாக்காரர் மறுபடியும் வந்தாருங்களா?" என்று அம்மா கேட்டார்.

"அவரு வரலீங்க. அவங்க வண்டிதான் வந்துச்சு. அவிநாசி ரோட்டுல ஷோரூம் போட்டாங்க. என்னதான் இருக்குதுன்னு பாக்கலாம்னு மச்சினன் பேருல ஒண்ணு வாங்கிப் பாத்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

"வண்டியச் சொல்லலீங்க. நடந்துக்கிட்ட விதம் இருக்குது பாருங்க, அதான் மனசு விட்டுப் போச்சு. சாவிய கையில குடுத்தாங்க, ஒரு கும்பிடு போட்டாங்க, முடிஞ்சது. ஒரு வாத்தியார் இல்லை. இப்படி ஏறுங்க, இப்படி ஓட்டுங்கன்னு ஒரு வார்த்தை இல்லை. நேரா ஏறி உக்காந்தேன், கதவு சாத்திக்கிச்சு, கெளம்பிட்டேன். வீட்டுக்கே வந்து சேந்துட்டேன். வழியில ஒருத்தருகிட்ட ஒரு பேச்சு இல்லீங்க. இது என்ன வியாபாரம், பாசமே இல்லாமன்னு எனக்கு அழுகையே வந்துருச்சு."

சொல்லி முடித்தவர் பைலை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். தான் சொன்னது தனக்கே ஒரு மாதிரி கேட்டிருக்க வேண்டும். ஆனாலும் அறுபது வருஷத்துப் பழக்கம் லேசில் விடுமா? தலையை உதறிக்கொண்டார்.

"அதைச் சொல்லத்தானுங்க டெல்லிக்குப் போறேன். இன்னும் அஞ்சு வருஷம் குடுங்க, அந்தக் காலத்தை மறுபடியும் கொண்டாந்து காட்டறேன்னு கேப்பேன்."

"எப்படிக் கொண்டாருவீங்க?"

"கதவு வாத்தியாரு எடத்துக்கு ஊருக்கு ஒருத்தரைப் போடப் போறேனுங்க. இந்தத் தடவை பொம்பளைங்களும் ஓட்டறாங்க, அதனால பொம்பளை வாத்தியாருங்களும் வேணும்."

பூரணியம்மா சிரிக்கவில்லை. அவர் முகத்தில் இருந்தது இரக்கம்தான். அதைப் பார்த்த சென்னியப்பனுக்குச் சுருக்கென்றது. பன்னிரண்டு வருஷத்தில் அப்படி ஒரு முகத்தை அவர் பார்த்ததில்லை.

"அம்மா, தப்பா எதாச்சும் பேசீட்டேனுங்களா?"

"இல்லீங்க."

"அறுநூத்து நாப்பது குடும்பமுங்க அம்மா. எனக்காகக் கேக்கல. அந்த ஒரு வரிய எழுதிக் குடுங்க."

பைலைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, பேனாவோடு நீட்டினார். அம்மா தாளை வாங்கவில்லை. நீட்டிய கையை மெல்லப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"டெல்லி டிக்கெட்டு நாளைக்குத்தானுங்களே?"

"ஆமாங்க. சாயங்காலம்."

"அப்ப காலையில நேரம் இருக்குது. வடிவு சரின்னு சொன்னா, அவங்களை உங்க பேக்டரிக்குக் கூட்டிட்டுப் போங்க. வண்டி கடைசியா வெளிய வர்ற எடத்துல ஒரு நாற்காலி போட்டு உக்கார வச்சு, அவங்க சொல்றதையெல்லாம் எழுதிக்குங்க. மூடறதுன்னா வெள்ளிக்கிழமை மூடிக்கட்டும், தொறந்திருந்தா ஒரு மாசம் அங்கயே இருக்கட்டும். மடத்துச் சோறை நாங்க பாத்துக்கறோம்."

சென்னியப்பனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சந்தைக் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார்.

தூரத்தில் வடிவு ஒரு கடைக்காரனிடம் தக்காளியைத் திருப்பித் திருப்பிக் காட்டிச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். அவன் கூடையைக் கவிழ்த்து வேறு தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தான்.

"அவங்களையா? அவங்க என்ன சொல்லுவாங்கன்னு தெரியுமுங்களே அம்மா. அவங்களுக்கு நம்ம வண்டியப் புடிக்கவே இல்லீங்க."

"ஆமாங்க," என்றார் பூரணியம்மா. "புடிச்சவங்க யாரும் இத்தனை வருஷத்துல உங்ககிட்ட குறைன்னு ஒரு வார்த்தை சொல்லலையே."