பின்சீட்டில் யார்?

தென்காசியில் வேனை வாடகைக்கு விடும் முதலாளி ஆறுமுகநயினாருக்குத் தன் நிழல் மேலேயே சந்தேகம். பார்க்க அழகாக இருக்குமென்று வேனின் பின்பக்கத்தைத் தாழ்த்தி வைத்தார். மறுவாரமே, காலியாகத் திரும்பிய வேன் மழையில் பிரேக் போட்டதும் பின்னால் சறுக்கி, ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

டிரைவர் கொம்பையாவைக் கூப்பிட்டார். "காலி வண்டி எதுக்குலே சுத்துது? கள்ளச் சவாரி ஏத்திக்கிட்டு விரட்டியிருக்க. இல்லேன்னா என் கண்ணு முன்னால சுத்திக் காட்டு. சுத்தலேன்னா வேலை கிடையாது."

கொம்பையா முதலாளியைப் பக்கத்தில் உட்காரவைத்து, நனைந்த மைதானத்தில் ஓட்டிப் பிரேக்கை மிதித்தார். வேன் வந்த வழியைப் பார்த்துத் திரும்பி நின்றது.

"இது என்ன மாயம்லே?"

"பின்னால ஒரு வால்வு இருக்கு மொதலாளி. வண்டி தாழ்ந்தா, ஆள் ஏறியாச்சுன்னு பின்சக்கரத்துக்குப் பிரேக்கைக் கூட்டிக் கொடுக்கும். பாரமில்லாத சக்கரம் இறுகிப்போய்ச் சறுக்குது. நீங்க தாழ்த்துனதுலருந்து அதுவும் உங்களை மாதிரிதான். காலி வண்டின்னா நம்ப மாட்டேங்குது."

முதலாளி வேர்வையைத் துடைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகத் திரும்பி, பின்சீட்டை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.