ஓட்டையில்லாத ஓடம்

ராஜா வேட்டைக்குப் போனால் புலியே எழுந்து நின்று நலம் விசாரித்த காலம் அது. அந்தக் காலத்தில், வேங்கை நாட்டில், செம்மணி ஆற்றங்கரையில் துறைத்தெரு என்று ஒரு தெரு இருந்தது. அங்கே சடையன் என்று ஓர் ஓடக்காரன். தெரு இக்கரையில், சந்தையும் கோயிலும் வைத்தியர் வீடும் அக்கரையில். யார் எங்கே போனாலும் சடையன் ஓடத்தில்தான் போக வேண்டும்.

அவனுக்கு அடுத்த வீடு கூத்தையன் வீடு. இருவரும் சின்ன வயதிலிருந்தே கூட்டாளிகள். கூத்தையன் மனைவி செம்பாயிக்குச் சடையன் கூடப் பிறக்காத அண்ணன்.

ஓர் ஐப்பசியில் மந்திரவாதி ஒருவன் ஓடத்தில் ஏறி வந்தான். கரையில் இறங்கியதும் திரும்பிப் பார்த்துக் கேட்டான். "சடையா, உன் ஓடம் முழுக்க வெள்ளியாக வேண்டுமா?"

"யாருக்குத்தான் கசக்கும் சாமி?"

"அப்படியானால் மூன்று நாள் இதில் யார் காலும் படக் கூடாது. உன் காலும்தான். நாலாம் நாள் விடிந்ததும் வந்து பார்."

அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. ஆறு பொங்கியது. விடிந்தால் கூத்தையன் காய்ச்சலில் கிடக்கிறான்.

முதல் நாள் செம்பாயி ஓடி வந்தாள். "அண்ணே, ஓடத்தை எடுங்க! அவருக்கு உடம்பு நெருப்பாக் கொதிக்குது. வைத்தியர்கிட்டப் போகணும்."

சடையன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "ஓடத்துல ஓட்டை தங்கச்சி."

இரண்டாம் நாள் ஒரு சட்டியில் குங்கிலியப் பிசின் காய்ச்சி எடுத்துக்கொண்டு வந்தாள். "அண்ணே, ஓடத்தை எடுங்க! நாலு வீட்டுல கேட்டு வாங்கிட்டு வந்தேன். இதை வெச்சு அடைச்சிடலாம்."

"அது அடைபடுற ஓட்டை இல்ல தங்கச்சி."

மூன்றாம் நாள் காலையில் வந்தபோது அவளுக்குக் குரலே எழும்பவில்லை. "அண்ணே..." என்றாள், அவ்வளவுதான். 'இன்னும் ஒரு பொழுதுதானே, நாளைக்கு நானே அவனைத் தூக்கிக்கொண்டு போவேன்' என்று சடையன் மனசுக்குள் சொல்லிக்கொண்டான். வாயோ, "ஓட்டை தங்கச்சி" என்றது.

தெரு சும்மா இருக்கவில்லை. குலை தள்ளி நின்ற வாழைகளை வீட்டுக்கு வீடு வெட்டிச் சாய்த்தார்கள். தெப்பம் கட்டிக் கூத்தையனைக் கிடத்தினார்கள். எட்டுப் பேர் அந்த வெள்ளத்தில் நீந்தித் தள்ளிக்கொண்டு போனார்கள். அக்கரை சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. வைத்தியர் நாடியைப் பிடித்தார், விட்டார். "நேற்றுக் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாரே அம்மா" என்றார்.

நாலாம் நாள் விடிந்தது. தெருவே கூத்தையன் வாசலில் அழுதுகொண்டிருக்க, சடையன் மட்டும் துறைக்குப் போனான். ஓடம் வெள்ளியாய்ப் பளபளத்தது. ஆசையோடு ஏறினான், கயிற்றை அவிழ்த்தான். நடு ஆற்றில் அது கல்லைப் போல் மூழ்கியது. தத்தளித்து நீந்திக் கரையேறினால், எதிரே மந்திரவாதி நிற்கிறான்.

"வெள்ளியாகும் என்றுதானே சொன்னேன்? மிதக்கும் என்றா சொன்னேன்? உன் முகத்தை என் கூலியாக எடுத்துக்கொண்டேன். இனி யாருக்கும் உன்னைத் தெரியாது. நீ செய்ததையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகும் யாராவது உனக்கு ஒரு பிடி சோறு போட்டால் முகம் திரும்பி வரும்." சொன்னவன் புகையாகி மறைந்தான்.

கன்னம் ஒட்டி, கண் குழிந்து, யாரோ ஒருவனாகத் தெருவுக்குள் வந்தான் சடையன். "வெள்ளத்துல எல்லாம் போன மனுசன் போல, பாவம்" என்றார்கள் தெருக்காரர்கள். புங்கமரத்தடியில் அவனுக்கு ஒரு கீற்றுக் கொட்டகை போட்டார்கள். கிழமைக்கு ஒரு வீடு என்று முறை வைத்துச் சோறு போட்டார்கள். குயவர் வீட்டுக் கம்பங்கூழ், பூக்காரர் வீட்டு ரசம், செவ்வாய்க்கிழமை செம்பாயி வீட்டுச் சோறும் துவையலும்.

அந்தச் சோற்றை விழுங்குவதைவிடக் கொடுமை ஒன்று இருந்தது. பூட்டிக் கிடந்த சடையன் வீட்டு வாசலை அவர்கள் தினமும் பெருக்கித் தண்ணீர் தெளித்தார்கள். "கூட்டாளியைக் காப்பாத்த முடியலையேன்னு எங்கே போய் அழுதுட்டிருக்கானோ, வந்தா வீடு வீடாட்டம் இருக்கணுமில்ல" என்றார்கள். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். வாயைத் திறந்தால் சோறு நின்றுபோகுமே என்று பயந்தான். அப்படியே ஒரு வருஷம் ஓடிப்போனது.

கூத்தையனின் முதல் வருஷத் திதி வந்தது. செம்பாயி இலை போட்டுச் சடையனுக்குப் பரிமாறினாள். "நல்லாச் சாப்பிடுங்க ஐயா. எங்க அண்ணன் ஒருத்தர் இருந்தாரு. அவரோட ஓடத்துல மட்டும் ஓட்டை இல்லாம இருந்திருந்தா, எங்க வீட்டுக்காரர் இன்னிக்கு உயிரோட இருப்பாரு."

எடுத்த கவளத்தை இலையிலேயே வைத்தான் சடையன்.

"அந்த ஓடத்துல ஓட்டை இல்லம்மா."

"என்ன சொல்றீங்க?"

ஒன்றுவிடாமல் சொன்னான். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் குங்கிலியம் கொண்டுவந்தப்பவும் இல்லையா?"

"அப்பவும் இல்ல."

"மூணாம் நாளும்?"

"மூணாம் நாளும்."

செம்பாயி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். விசும்பல் வெளியே கேட்டது. ரொம்ப நேரம் கேட்டது. சடையன் எழுந்து படியிறங்கினான்.

கதவு திறந்தது. கையில் அகப்பையோடு அவள் நின்றாள்.

"உக்காருங்க. மன்னிச்சுட்டேன்னு நெனச்சிடாதீங்க, அது என்னால ஆகாது. ஆனா திதிச் சோத்துல கை வெச்சவரை அரைவயித்தோட அனுப்பினா அவருக்குப் பொறுக்காது."

அகப்பைச் சோறு இலையில் விழுந்தது. சடையன் அழுதுகொண்டே விழுங்கினான். ஒட்டிய கன்னம் நிரம்பியது, பழைய முகம் திரும்பி வந்தது. செம்பாயி பார்த்தாள். 'அண்ணே' என்று கூப்பிட வாய் திறந்தவள், அப்படியே மூடிக்கொண்டாள்.

மாயம் உடைந்த அன்றிலிருந்து துறைத்தெருவில் ஓர் அதிசயம். பசித்து வந்தவருக்காக ஏற்றிய பானை, அவர் வயிறு நிறையும்வரை எந்த வீட்டிலும் குறையவே இல்லை. பஞ்சம் வந்த வருஷம் பக்கத்து ஊர்களெல்லாம் அங்கேதான் சாப்பிட்டன.

சடையன் வேறோர் ஓடம் செய்தான். ஐப்பசி மழை பிடித்தால் போதும், கொட்டுகிற மழையில் வீடு வீடாகப் போய், "அக்கரை போகணுமா? யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்பான். "எல்லாரும் நல்லா இருக்கோம், நனையாதே, வீட்டுக்குப் போ" என்பார்கள். அவன் போக மாட்டான். மழை விடும்வரை துறையிலேயே நின்றுகொண்டிருப்பான்.

அவ்வளவுதான் கதை. அந்தத் தெருவில் அடுப்பு எரிந்தது போல உங்கள் வீட்டிலும் எரியட்டும்.