பழனாத்தா எழுதின மூணு கடிதம்

ஒரு ஊர்ல ஒரு முதியோர் இல்லம். அங்க பழனாத்தான்னு ஒருத்தி புதுசா வேலைக்குச் சேர்ந்தா. குப்பண்ணன் தாத்தாவைப் பாத்துக்கணும். அவர் எப்படி இருக்காருன்னு கனடாவுல இருக்கிற அவர் மக சுகந்திக்கு வாரம் ஒரு கடிதம் எழுதணும். இங்கிலீஷ்லதான் எழுதணும், அதுதான் இல்லத்துக்கு மதிப்பாம். மூணு கடிதம் சரியா வந்தா வேலை நிரந்தரம். ம் சொல்லு.

"ம்."

வார்டன் டேவிட் சார் சொல்லிக் குடுத்தாரு. "வினைச்சொல்லைப் பாத்து 'எப்படி?'ன்னு கேளும்மா. பதில் சொல்ற வார்த்தைதான் அட்வெர்ப். ஸ்லோ, ஸ்லோலி. பெரும்பாலும் 'லி'ன்னு ஒரு வால் இருக்கும். ஃபாஸ்டுக்கு வால் கிடையாது, அப்படியே ஓடும். ஃபிரெண்ட்லிக்கு வால் இருக்கு, ஆனா அது இந்தக் கூட்டம் இல்ல."

"குரங்கா?"

இல்ல, இங்கிலீஷ்.

அப்புறம், முதல் வாரம். தாத்தா டொக் டொக்குன்னு தட்டுல தட்டிட்டு ரெண்டு வாயோட எந்திரிச்சிட்டாரு. 'ஸ்லோலி சாப்பிடறார்'னு எழுதினா. சார் அந்த 'ஸ்லோலி'யைச் சரக்குன்னு பேனாவால அடிச்சாரு. "பயந்துக்குவாங்க. ஹாப்பிலின்னு போடு." போட்டா. சுகந்தி பதில் எழுதினா: 'சந்தோஷம். தீபாவளிக்கு வரல.'

ரெண்டாவது வாரம் தாத்தா தூங்கவே இல்ல. 'பீஸ்ஃபுல்லி தூங்கறார்'னு போகுது கடிதம். 'நிம்மதி. பொங்கலுக்கும் வரல.'

அப்போ தாத்தா கேட்டாரு, "ஏம்மா, எம்புள்ள எப்பம்மா வரும்?"

பழனாத்தா போய் மூணாவது கடிதம் எழுதினா. சாப்பிடறார். தூங்கறார். பேசறார். அவ்வளவுதான். வால் வச்சதும் இல்ல, வால் இல்லாததும் இல்ல. சார் கண்ணாடியப் போட்டுக்கிட்டுத் தப்பு தேடினாரு. கிடைக்கல. அனுப்பிட்டாரு.

டிரிங் டிரிங்! போனை எடுத்தது பழனாத்தா.

"எப்படிங்க சாப்பிடறாரு?" சுகந்தி.

பழனாத்தா தாத்தா ரூம் பக்கம் திரும்பிப் பாத்தா.

"எப்படித் தூங்கறாரு? சொல்லுங்க!"

"வந்து பாருங்கம்மா."

நாலாம் நாள் வாசல்ல டாக்ஸி. கதவு டப்.

"பழனாத்தாவுக்கு வேலை?"

போயிருச்சு. மகளை வரச் சொன்னதுக்குச் சார் நிறுத்திட்டாரு. அன்னைக்கே பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பினா. போறப்ப ஜன்னல் வழியா ஒரு தடவை பாத்தா. தாத்தா மக கையால மூணு வாய் வாங்கினாரு. நாலாவது வாய்க்கு நேரமில்ல, பேசிக்கிட்டே இருந்தாரு.

கதை இவ்வளவுதான், கண்ணை மூடிக்கோ.