தேதி இல்லாத அறிக்கை

"ஒரே பயிர், ஒரே நோய், உங்ககிட்டயே படிச்ச ரெண்டு பேர். இந்த நாடு அவளுக்கு மட்டும் ஏன் மேடம் அள்ளிக் கொடுக்குது?"

ஆவுடையப்பன் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் இதைக் கேட்டான்.

சவுந்திரம் கொடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தார். அவனைவிட ஏழே வயது மூத்தவர். அவனுக்கு முனைவர் பட்டத்துக்கு வழிகாட்டியவர். இரண்டு வருஷத்துக்கு முன் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு இந்த மலையடிவார ஊருக்கு வந்துவிட்டார்.

"உள்ள வா. இந்தப் போர்வையோட அந்த முனையைப் பிடி" என்றார்.

பிடித்தான். ஐம்பத்தோரு வயது. இருபத்தாறு வருஷமாக வாழையில் வரும் முடிக்கொத்து நோயைத்தான் ஆராய்கிறான். ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஆராய்ச்சி நிலையம். அங்கே வைரஸ் மாதிரிகளை வைத்திருக்கும் குளிர்சாதனப் பெட்டியில்தான் அலுவலகத்தார் தயிரும் வைப்பார்கள்.

ஹெப்சிபா அவனோடு படித்தவள். அவளுக்கு நகரத்தில் மூன்று மாடிக் கட்டடம். கண்ணாடி முகப்பு. அவளுக்குக் கீழே பதினொரு இளம் ஆய்வாளர்கள். திறப்பு விழாவில் அமைச்சர் ரிப்பன் வெட்டியபோது ஆவுடையப்பன் பதினோராவது வரிசையில் உட்கார்ந்து கை தட்டினான். அன்றிலிருந்து தினமும் காலையில் பல் தேய்ப்பதற்கு முன் அவள் மையத்தின் இணையதளத்தைத் திறந்து பார்ப்பான். புதிதாக ஒன்றும் இல்லாத நாட்களில் காபி நன்றாக இருக்கும்.

"முன்னாடி ஆராய்ச்சிப் பணத்தைப் பத்து நிலையத்துக்குப் பிரிச்சுக் கொடுத்தாங்களே, அப்ப நீ என்ன சொன்ன?" என்று கேட்டார் சவுந்திரம்.

"யாருக்கும் பத்தலைன்னு சொன்னேன்."

"இப்ப சிதறடிக்க வேண்டாம்னு ஒரே இடத்துல குவிச்சிருக்காங்க."

"அநியாயம் மேடம்."

"அந்த ஒரே இடம் உன் இடமா இருந்திருந்தா?"

போர்வை மடிந்து முடிந்தது.

பையிலிருந்து ஒரு உறையை எடுத்து நீட்டினான். டெல்லியிலிருந்து வந்த கடிதம் அதில் இருந்தது. ஹெப்சிபாவின் மையத்தை இன்னும் ஐந்து வருஷம் நடத்தலாமா, மூடிவிடலாமா என்று அவனிடம் கருத்துக் கேட்டிருந்தார்கள். கருத்துச் சொல்பவர் பெயர் வெளியே வராது என்றும் போட்டிருந்தது.

"என்னைப் போய்க் கேக்கறாங்க பாருங்க" என்றான். சிரிக்க முயன்றான்.

"பின்ன யாரைக் கேப்பாங்க? நாடுன்னா அங்க ஒரு ஆளா உக்காந்திருக்கான்? விஷயம் தெரிஞ்சவங்க கண்ணைத்தான் அது இரவல் வாங்கிப் பாக்கும். ஹெப்சிபாவோட வேலை புரியற ஆளு இந்தியாவுல நாலு பேர் இருந்தா ஜாஸ்தி. அதுல நீ ஒருத்தன்."

"அதான் உண்மையை எழுதிட்டேன்."

கடிதத்துக்கு அடியில் இருந்த அறிக்கையைக் காட்டினான். எட்டுப் பக்கம்.

சவுந்திரம் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். ஆவுடையப்பன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஹெப்சிபாவின் மையம் ஒரு சோதனை அட்டை செய்து கொடுத்திருந்தது. வாழைக்கன்றின் சாற்றை அதில் ஒரு சொட்டு விட்டால், நோய் இருந்தால் இரண்டு கோடு விழும், இல்லாவிட்டால் ஒரு கோடு. அந்த அட்டையை நம்பித்தான் மூன்று மாவட்டங்களுக்கு அரசு கன்று கொடுத்தது. ஆனால் மலைவாழையில் வரும் வைரஸ் கொஞ்சம் வேறு மாதிரி. அட்டைக்கு அது தெரியாது. நோய்க் கன்றிலும் ஒரு கோடுதான் விழும். ஆவுடையப்பன் மலையில் ஒரு தோட்டத்தில் எட்டு இலை எடுத்துச் சோதித்து, இதை நிரூபித்திருந்தான்.

"சரியா இருக்கு. ஒரு வரி தப்பில்ல" என்றார் சவுந்திரம்.

அவனுக்கு உச்சி குளிர்ந்தது.

"இது போனா அவ மையத்தை மூடிருவாங்க, இல்லையா மேடம்?"

"மூடலாம்." மூன்றாம் பக்கத்துக்குத் திரும்பினார். "இலை எடுத்த இடம் போட்டிருக்க. எத்தனை இலைன்னு போட்டிருக்க. தேதி எங்கே?"

"அது ஒண்ணும் முக்கியமில்லையே."

சவுந்திரம் கண்ணாடியைக் கழற்றினார். அறிக்கையை மடித்துத் தன் கைப்பையில் வைத்தார்.

"பதினொன்றரைக்கு ஒரு பஸ் இருக்கு. எனக்கு அந்தத் தோட்டத்தைக் காட்டு."

"இப்பவா?"

அவர் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

பஸ் முப்பது வளைவு ஏறியது. வழியில் சவுந்திரம் தூங்கிப்போனார். ஆவுடையப்பனுக்குத் தூக்கம் வரவில்லை. ஜன்னல் வழியே வாழை தெரியும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

தோட்டக்காரி பெயர் பெருமாயி. நாற்பத்தைந்து வயதிருக்கும். கடப்பாரையால் ஒரு வாழையைக் கிழங்கோடு நெம்பிக்கொண்டிருந்தாள். அதன் குருத்தில் இலைகள் விரியாமல், குட்டையாக, ஒன்றின்மேல் ஒன்று கொத்தாக நின்றன. சரிவு முழுக்க அப்படித்தான். பாதித் தோட்டம் பிடுங்கிப் போட்டுக் காய்ந்து கிடந்தது.

ஓரத்தில் சாக்குக்குள் புதுக் கன்றுகள் இருந்தன. அரசு முத்திரை போட்ட சீட்டு ஒவ்வொன்றிலும் தொங்கியது.

காலடிச் சத்தம் கேட்டுப் பெருமாயி நிமிர்ந்தாள். சவுந்திரத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். பிறகு ஆவுடையப்பனைப் பார்த்தாள். நெற்றியைச் சுருக்கினாள்.

"சார், நீங்கதான வந்து இலை கிள்ளிட்டுப் போனது?"

அவன் பிடுங்கிக் கிடந்த வாழைகள் பக்கம் திரும்பினான்.

"நீங்கதான். எம் மகளுக்குக் காதுகுத்து வச்ச வாரம். பலகாரம்கூடக் குடுத்தேனே. ரெண்டு வருசம் தாண்டிருச்சு. என்ன ஏதுன்னு சொல்லி அனுப்பறேன்னீங்க. நான் பாத்துக்கிட்டே இருந்தேன். சரி, ஒண்ணும் இல்லபோல, இருந்தா சொல்லாமலா இருப்பாங்கன்னு மறுபடி கன்னு வாங்கி நட்டேன். இப்ப மூணாந்தரம்."

அவள் குரலில் கோபம் இல்லை. விசாரிக்கிற மாதிரிதான் கேட்டாள்.

"என்ன சார் இருந்துச்சு அந்த இலையில?"

ஆவுடையப்பன் சவுந்திரத்தைத் திரும்பிப் பார்த்தான்.

அவர் கைப்பையிலிருந்து அறிக்கையை எடுத்தார். மூன்றாம் பக்கத்தைத் திருப்பி, பேனாவையும் சேர்த்து அவனிடம் நீட்டினார்.

அவன் அதை முழங்காலில் வைத்துக்கொண்டு தேதியை எழுதினான். நாள், மாதம், வருஷம். எல்லாம் அப்படியே நினைவில் இருந்தது. ஒரு வாரத்தில் சோதனை முடிவு கைக்கு வந்தபோது ராஜா மாதிரி நடந்தான். பீரோவில் அந்தத் தாள்களை வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டான். என்றாவது ஒரு நாள் ஹெப்சிபாவைப் பற்றி யாராவது தன்னிடம் கேட்பார்கள் என்று காத்திருந்தான்.

தேதியோடு சேர்த்து அறிக்கையை முதலிலிருந்து படித்துப் பார்த்தான். இப்போது அது ஹெப்சிபாவைப் பற்றி அல்ல, தன்னைப் பற்றி எழுதியது போல இருந்தது.

மேலே ஒரு பாறையில் மட்டும்தான் போனுக்கு சிக்னல் கிடைக்கும் என்று பெருமாயி சொன்னாள். ஏறினான். நான்கு வருஷமாக அவன் அழைக்காத எண்.

"ஆவுடை?" ஹெப்சிபாவின் குரலில் ஆச்சரியம். "நீயா? சொல்லுப்பா."

சொன்னான். அட்டை, மலை வைரஸ், எட்டு இலை.

"உறுதியாத் தெரியுமா?"

"மூணு தடவை பண்ணிப் பாத்துட்டேன்."

"கடவுளே. இதை எப்பப் பாத்த?"

கீழே சவுந்திரம் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பிடுங்கிய வாழைகளை இழுத்து ஒரு பக்கமாகப் போட்டுக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"ஹெப்சி, ரெண்டு வருஷம் நாலு மாசம் ஆச்சு."

வைத்துவிட்டாளோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான். வைக்கவில்லை.

"அந்த மலைக்கு மட்டும் நாப்பதாயிரம் கன்னு அனுப்பிருக்கோம் ஆவுடை."

"தெரியும்."

"தெரியுமா?"

"இணையதளத்துல பாத்தேன். தினமும் பாப்பேன்."

அங்கே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"நீ அங்கேயே இரு. நான் இப்பவே கிளம்பறேன். நான் வர்றவரைக்கும் ஒரு கன்னு மண்ணுக்குள்ள போகக் கூடாது."

போனை வைத்துவிட்டாள்.

அவன் பாறையிலிருந்து இறங்கினான். பெருமாயி ஒரு புதுக் கன்றைக் குழியில் இறக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அதை நடாதீங்க."

"ஏன்?"

"அதுலயும் நோய் இருக்கும். சீட்டை நம்பாதீங்க. அன்னிக்கு நான் எடுத்த இலையிலயும் அதுதான் இருந்துச்சு."

பெருமாயி கன்றைக் கையில் பிடித்தபடியே நின்றாள்.

"உங்களுக்கு அன்னிக்கே தெரியுமா?"

"ஒரு வாரத்துல தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன் சார் சொல்லல?"

அவன் வாயைத் திறந்தான். டெல்லி, பத்து நிலையம், மூன்று மாடி, பதினோராவது வரிசை எல்லாம் தொண்டை வரைக்கும் வந்தன. அவற்றில் எதைச் சொன்னால் இவளுக்குப் புரியும் என்று யோசித்தான்.

"பொறாமைங்க" என்றான்.

பெருமாயி குழியை விட்டு நகர்ந்தாள். கன்றைச் சாக்கின் மேல் போட்டாள். மண் ஒட்டிய கடப்பாரையை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"மேல் வரப்புல இன்னும் நூத்தியெம்பது நிக்குது. மழை வர்றதுக்குள்ள ஆரம்பிங்க."