ராணியின் நகக்கண்ணும் மூன்று வைத்தியர்களும்

கொடிமலை நாட்டுக் குளிர் இருக்கிறதே, அது லேசுப்பட்ட குளிர் இல்லை. அந்தக் குளிரில் ராணி அங்கயற்கண்ணிக்கு விரலெல்லாம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப்போகும். அப்புறம் நீலம் பாரிக்கும். வலியோ உயிர் போகும்.

ராஜா மாறவேலர் பதறிப்போய் அரண்மனை வைத்தியர்கள் மூவரையும் அழைத்தார். மூவரும் நகக்கண் பார்ப்பதில் கெட்டிக்காரர்கள். நகத்தின் அடியில், தோல் மடிகிற இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பளிங்குக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் மெல்லிய ரத்தக் குழாய்கள் தெரியும். ஒழுங்காக வரிசையில் நின்றால் சுகம். வீங்கியோ அறுந்தோ கிடந்தால், உள்ளே வாதநோய் வேலையை ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

வித்தை ஒன்றுதான். ஆனால் ஒருவர் நெய் விடுவார். அடுத்தவர் விளக்கெண்ணெய். மூன்றாமவர் நல்லெண்ணெய். ஊரே அவர்களை அப்படித்தான் கூப்பிட்டது.

நெய் வைத்தியர் ராணியைப் பார்த்துவிட்டு, "குழாயில் ஒரு குறையும் இல்லை. இது வெறும் உடம்புச் சூடு. தினம் பச்சைத் தண்ணீரில் குளிக்கட்டும், சரியாகிவிடும்" என்றார்.

விளக்கெண்ணெய் வைத்தியர் தலையில் அடித்துக்கொண்டார். "ரத்தமே வற்றிப்போச்சே! படுக்கையை விட்டு எழுந்திருக்கவே கூடாது!"

நல்லெண்ணெய் வைத்தியர் ஒரேயடியாகக் கத்தினார். "குழாய் வெடித்து ரத்தம் கசிகிறது! விரல்களைச் சுடுகிற எண்ணெயில் முக்கி எடுக்க வேண்டும்!"

ராணி இரண்டு கைகளையும் புடவைக்குள் ஒளித்துக்கொண்டு அழுதாள். "தண்ணீரா, படுக்கையா, எண்ணெயா? யாராவது ஒருத்தர் சொல்லுங்களேன்!"

ராஜாவுக்குக் கோபம் தலைக்கேறியது. யார் மேல் காட்டுவது? வழக்கம்போல அரண்மனை விகடகவி வெள்ளையப்பன் மேல்தான். "ஓய்! நாளைக்குள் மூன்று பேரும் ஒரே பதில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நீர் மூட்டையைக் கட்டும்!"

"உத்தரவு மகாராஜா. ஆனால் நாளைக்கு நீங்கள் எனக்குக் கை கொடுக்க வேண்டும்."

"என்ன உதவி வேண்டும்?"

"உதவி இல்லை. கையைத்தான் கேட்கிறேன்."

மறுநாள் சபையில் ஒரு திரை தொங்கியது. அதில் ஒரு ஓட்டை. ஓட்டை வழியாக ஒரு கை. "வெளியூர்க்காரர், கூச்ச சுபாவம்" என்றான் வெள்ளையப்பன். திரைக்குப் பின்னால் மோதிரத்தையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தது யார்? சாட்சாத் மாறவேல மகாராஜாதான்!

நெய் வைத்தியர் முதலில் வந்தார். வழக்கம்போலக் கட்டைவிரலைப் பிடித்துப் பார்த்தார். "ஒரு குறையும் இல்லை. நூறு வயசு இருப்பார்."

ராஜாவுக்கு ஏக குஷி. கையை உள்ளே இழுத்து, குளிர்ந்த பானகம் நிறைந்த வெள்ளிக் குவளையை எடுத்துக் குடிக்க ஆரம்பித்தார். விளக்கெண்ணெய் வைத்தியர் வந்ததும் அந்தச் சில்லிட்ட கையையே நீட்டினார்.

"அடடா, ரத்தம் ஓடவே இல்லையே! இனி இவர் தேறமாட்டார். சாவிக்கொத்தைப் பிள்ளையிடம் கொடுக்கச் சொல்லுங்கள்."

திரை ஆடியது. பயத்தில் ராஜா சுண்டுவிரல் நகத்தைக் கடித்துக் குதறிவிட்டார். அந்தச் சுண்டுவிரலைத்தான் நல்லெண்ணெய் வைத்தியர் பிடித்தார்.

"ரத்தம் கசிகிறது! கொண்டாங்கடா சுடுகிற எண்ணெய்!"

"எவனடா அவன்!" என்று திரையைக் கிழித்துக்கொண்டு ராஜாவே வெளியே வந்தார்.

மூன்று வைத்தியர்களும் தடாலென்று காலில் விழுந்தார்கள். "மன்னிக்கணும் மகாராஜா!"

வெள்ளையப்பன் கைகட்டி நின்றான். "மூவரும் ஒரே பதில் சொல்லிவிட்டார்கள். நான் மூட்டை கட்ட வேண்டாம், இல்லையா?"

ராஜா சிரிக்கவில்லை. "வேடிக்கை போதும் ஓய். ராணியின் விரலுக்கு என்ன வழி?"

"இவர்கள் கண்ணில் கோளாறு இல்லை மகாராஜா. ஒரே கைதான். ஒருவர் தோல் தடித்து, உள்ளே இருப்பது சரியாகத் தெரியாத கட்டைவிரலைப் பார்த்தார். ஒருவர் சில்லிட்ட கையைப் பார்த்தார். ஒருவர் உங்கள் பல் பட்ட இடத்தைப் பார்த்தார். ஆளுக்கு ஒரு மாதிரி பார்த்தால் ஆளுக்கு ஒரு நோய்தானே வரும்?"

நெய் வைத்தியர் மெதுவாக, "நான் ராணிக்கும் கட்டைவிரலைத்தான் பார்த்தேன்" என்றார். "நான் பார்த்தபோது அவர் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு வந்திருந்தார்" என்றார் அடுத்தவர். மூன்றாமவர் தலையைச் சொறிந்தார். "நான் பார்த்த விரலில் தையல் ஊசி குத்தியிருந்ததோ என்னவோ..."

மூவரும் உட்கார்ந்து பேசி ஒரு முறை வகுத்தார்கள். கணப்பு மூட்டிய அறையில் கை வெதுவெதுப்பாகும் வரை நோயாளி உட்கார வேண்டும். கட்டைவிரல் தவிர எல்லா விரலையும் பார்க்க வேண்டும். காயம் பட்ட விரலைத் தள்ள வேண்டும். கண்ணில் பட்டதை முதலில் சொல்ல வேண்டும், நோயின் பெயர் அப்புறம். எல்லாவற்றிலும் ஒத்துப்போனவர்கள், எந்த எண்ணெய் விடுவது என்பதில் மட்டும் கட்டிப்புரண்டு சண்டை போட்டார்கள். "மூன்றும் வேண்டாம், தேங்காயெண்ணெய்!" என்று வெள்ளையப்பன் கிண்ணத்தை நடுவில் வைத்தான்.

பிறகு ஒருவர் பேச்சு மற்றவர் காதில் விழாதபடி, தனித்தனியாக ராணியைப் பார்த்துவிட்டு வந்து ராஜாவின் காதில் சொன்னார்கள். மூவர் சொன்னதும் ஒன்றே. அங்கங்கே குழாய்கள் வீங்கியிருக்கின்றன. வாதம் தொடங்கிவிட்டது. ஆனால் ஆரம்பம்தான். கஷாயம் கொடுத்து, கையைக் கதகதப்பாக வைத்துக்கொண்டால் அடக்கி வைக்கலாம். சுடுகிற எண்ணெய் கூடவே கூடாது.

ராஜாவின் முகம் வாடியது. "அப்படியானால் நோய் உண்மைதானா?" ராணியின் கண்களும் கலங்கின.

வெள்ளையப்பன் ராணியின் முன்னால் போய்க் குனிந்து வணங்கினான். "ஏன் தாயே அழுகிறீர்கள்? நேற்றுவரை உங்களுக்கு மூன்று நோய் இருந்தது. ஒரு வேளை கஷாயம்கூடக் குடிக்காமல் இரண்டு குணமாகிவிட்டதே!"